ஃபிரிட்ஜுக்குக் குளிரக் கூடாது

அமெரிக்காவின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில், ஹெரிங் பே என்ற ஊரில், ஆர்வோ கின்னுனன் வீட்டில் இரண்டு ஃபிரிட்ஜ். உள்ளே இருப்பது மனைவி மார்லிஸுடையது. வெள்ளி நிறம், இரட்டைக் கதவு, தட்டினால் ஐஸ் கொட்டும். வெளியே, சவுனா என்கிற ஆவிக்குளியல் அறையின் சுவரை ஒட்டி நிற்பது ஆர்வோவுடையது. முட்டைக்கரு மஞ்சள், மேலே ஃபிரீஸருக்கு ஒரு குட்டிக் கதவு, கீழே பெரிய கதவு, கைப்பிடியில் பழைய துணி. அது அவர்கள் கல்யாணத்தின்போது வாங்கியது. கல்யாணம் வீட்டுக்குள் தங்கிவிட்டது, ஃபிரிட்ஜ் வெளியே போய்விட்டது. மாறியும் நடந்திருக்கலாம் என்று மார்லிஸ் சில சமயம் சொல்வதுண்டு.

பாதி வருஷம் ஊரே ஃபிரிட்ஜாகக் கிடக்கிற இடத்தில் வெளியே எதற்கு ஒரு ஃபிரிட்ஜ் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்கமாட்டார்கள், அவர்கள் வீட்டிலும் ஒன்று நிற்கும். பனியில் பீரைப் புதைத்து வைக்கலாமே என்பார்கள் வெளியூர்க்காரர்கள். வைக்கலாம். அது வசந்தகாலத்தில்தான் கிடைக்கும், அதுவும் புல்வெட்டும் இயந்திரத்துக்கு.

சனிக்கிழமை என்றால் சவுனா. மர அறைக்குள் அடுப்புக் கல்லில் தண்ணீரை வீசி, அந்த ஆவியில் வெந்து, தோல் இறால் மாதிரி சிவந்ததும் இடுப்புத் துண்டோடு வெளியே வருவார்கள். உடம்பெல்லாம் புகையும். பனியில் வெறுங்காலோடு நின்றுகொண்டு ஆர்வோ அந்த மஞ்சள் கதவைத் திறப்பார். ஆளுக்கொரு பீர். அப்புறம் பேச்சு.

அந்தப் பேச்சுக்காகத்தான் எல்லாம். ஆர்வோ பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் சின்ன வயசில் அவருடைய பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள். ஆனால் வேலை செய்த காலமெல்லாம் எல்லோரும் அவர் முதுகோடுதான் பேசினார்கள். காதல் தோல்வியா, கணக்குப் பாடத்தில் முட்டையா, அப்பா வீட்டைவிட்டுப் போய்விட்டாரா, எல்லாவற்றையும் அவருடைய பிடரியிடம் சொன்னார்கள். அவர் கண்ணாடியில் அவர்கள் நெற்றியை மட்டும் பார்த்துக்கொண்டு, "ம்" என்பார். ரோட்டைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்குள் உட்கார்ந்தாலும் அதே "ம்"தான். ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றால் மட்டும் ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள், அவரும் முழு வாக்கியம் பேசினார். அதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதுவே ஒரு முழு வாக்கியம் ஆகிவிடும்.

போன குளிர்காலத்தில் அந்த ஃபிரிட்ஜ் மானத்தை வாங்கிவிட்டது.

வெளியே நிற்கும் ஃபிரிட்ஜ் ஒரு வெகுளிப் பிராணி. சுற்றிலும் குளிர்ந்தால், "அப்பாடா, வேலை முடிந்தது" என்று கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடும். மேலே ஃபிரீஸருக்கு அந்தக் குளிர் போதாமல் மான்கறி உருகுவது அதற்குத் தெரியாது. குளிர் இன்னும் முற்றினால் கீழே பீர் உறைந்து வெடிக்கும். அதனால் குளிர்காலத்தில் ஃபிரிட்ஜை ஓட வைக்க அதற்குள் கொஞ்சம் சூடு வைக்க வேண்டும். ஊரில் எல்லோரும் கீழ்த்தட்டில் ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். ஃபிரிட்ஜ் புழுங்கிப்போய் எழுந்து வேலை பார்க்கும். குளிரில் நிற்கிற பெட்டிக்குச் சூடு வைத்து, அந்தச் சூட்டைக் குளிர வைக்கக் கரண்ட் பில் கட்டுவது. கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும், கேட்காதீர்கள்.

போன வருஷம் முட்டி வலியில் ஆர்வோ சில வாரம் சவுனா பக்கமே போகவில்லை, பல்பு செத்ததைக் கவனிக்கவில்லை. நடுவில் இரண்டு நாள் வெயில் காய்ந்தது, மான்கறி உருகிக் கீழே வடிந்தது. மறுபடி குளிர், பீர் வெடித்தது. மறுபடி வெயில். ஈஸ்டருக்குக் கதவைத் திறந்தபோது வந்த நாற்றத்தில், பிரசவத்தில்கூட அழாத மார்லிஸின் தங்கை அழுதாள். கையுறை போட்டுக்கொண்டு அதைக் கழுவியது மார்லிஸ்.

ஆகவே இந்த வருஷம் இலை உதிர்ந்ததுமே விசாரணை. மார்லிஸ் காபி ஊற்றினார், ஏலக்காய் ரொட்டியை வெட்டினார். பக்கத்து வீட்டு மெர்வின் ட்ரெவாரோ வழக்கம்போல அழைக்காமலே வந்து உட்கார்ந்திருந்தார்.

"ஆர்வோ, இதான் கடைசி," என்றார் மார்லிஸ். "கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சவுனா வரைக்கும் டைம். அதுக்குள்ள அந்த மஞ்சப் பொட்டிக்குள்ள ஒண்ணு வெடிச்சாலும் சரி, ஒண்ணு அழுகினாலும் சரி, பொட்டி குப்பைக் கெடங்குக்குப் போகுது."

"ஒண்ணும் ஆகலன்னா?"

"ஆகலன்னா நீ செத்து, நான் செத்து, அப்புறமும் அது அங்கயே நிக்கட்டும். நான் வாயே தொறக்க மாட்டேன்."

"வாயே தொறக்க மாட்டியா?"

"ஃபிரிட்ஜைப் பத்தி."

"மெர்வின், கேட்டுக்கிட்டியா?"

"ரொட்டி ரொம்ப நல்லாருக்கு," என்றார் மெர்வின். அதையே சாட்சிக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ஆர்வோ வேலையில் இறங்கினார். கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்வதுபோல் செய்தார். முதலில் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து இழுத்தார். பின்னால் காயிலில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது, அதை உறிஞ்சி எடுத்தார். கம்ப்ரஸர் பக்கத்தில் ஓர் எலிக் குடும்பம் குடியிருந்தது, மார்லிஸின் காணாமல்போன காலுறையில் மெத்தை போட்டு. அந்தக் குடும்பத்தை ஒரு வாளியில் அள்ளி, நல்ல இடமாகப் பார்த்து, மெர்வினின் விறகுக் குவியலில் குடியேற்றினார். மெர்வினிடம் சொல்லவில்லை. புது வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி ஊரெல்லாம் பேசக் கூடாது.

அப்புறம் நாலு மூலைக்கும் கட்டை கொடுத்துத் தூக்கினார், பனி ஏறாமலிருக்க. கதவு ரப்பரைத் துடைத்து வாஸலின் தடவினார், உறைந்து ஒட்டிக்கொள்ளாமலிருக்க. இரண்டு பக்கமும் தெர்மாகோல் பலகை கட்டினார். கம்ப்ரஸர் மூச்சு விடப் பின்பக்கத்தைத் திறந்தே விட்டார். கடைசியாக, லாரியில் சாமான் கட்டுகிற பட்டையை ஃபிரிட்ஜின் இடுப்பில் சுற்றி, கொக்கி மாட்டி, நெம்பி நெம்பி இறுக்கினார். தூங்கப் போவதற்கு முன் கரடிகள் ஒரு சுற்று வந்து எல்லா வீட்டுக் கைப்பிடியையும் நக்கிப் பார்க்கும் காலம் அது.

மெர்வின் வந்து பட்டையை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"ஏம்ப்பா, இது கரடிக்கா, எனக்கா?"

"ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் வாங்கினேன்."

"கரடி பீர் குடிச்சா நன்றி சொல்லுமா? நான் சொல்றேன்ல."

"என்னிக்குச் சொன்ன?"

மெர்வின் யோசித்தார். "சொல்லலாம்னு இருந்தேன்."

பல்பு வாங்கும்போதுதான் ஆர்வோ சறுக்கினார். கடையில் இருந்ததிலேயே வெளிச்சம் அதிகமான பல்பைக் கேட்டு வாங்கினார். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு சூடு என்பது அவர் கணக்கு. அதை மாட்டிக் கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜுக்குள் பெத்லகேம் நட்சத்திரமே தெரிந்தது. ஆர்வோ நிம்மதியாகப் போய்ப் படுத்தார். மான் வேட்டைக் காலம் வந்து போனது. ஊரே ஆரஞ்சுச் சட்டை போட்டுக் காட்டுக்குள் போய்ப் பொய்களோடு திரும்பி வந்தது. ஆர்வோ ஒரு மானோடு வந்தார். அதைத் துண்டு போட்டு வெள்ளைத் தாளில் சுற்றி ஃபிரீஸரில் அடுக்கினார்.

பிறகு ஏரியிலிருந்து காற்று திரும்பியது. மூக்குமுடி விறைக்கிற குளிர். காலையில் ஆர்வோ பட்டையை அவிழ்த்துக் கதவைத் திறந்தார். பல்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சத்தில் பீர் டப்பாக்கள் எல்லாம் வயிறு தள்ளி, நிறைமாசமாக நின்றன.

அவர் பல்பைத் தொட்டுப் பார்த்தார். பிணம் மாதிரி சில்லென்று இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மெர்வின் தாண்டி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எல்.இ.டி. பல்பு வாங்கியிருக்கடா மடையா. இது பாதிரியார் பல்பு. வெளிச்சம் தரும், சூடு தராது."

"மெதுவா பேசு. வெடிச்சிடும்."

"மார்லிஸா?"

"டப்பா."

ஒரு டப்பாவைக்கூட அங்கே விட முடியாது. சூடான இடத்தில் மெல்ல இளக வேண்டும், மார்லிஸ் கண்ணில் படவும் கூடாது. ஆர்வோ கோட்டுக்குள் டப்பாக்களைக் குஞ்சு பொரிக்கிற கோழி மாதிரி அணைத்துக்கொண்டு, சமையலறையைத் தாண்டி, படுக்கையறைக்குள் போனார். மின்சாரக் கம்பளியின் சூட்டை ஏற்றிவிட்டு, கட்டிலின் கால்மாட்டில் அவற்றை வரிசையாகப் படுக்க வைத்துப் போர்த்தினார். மதியம் எடுத்துவிடலாம் என்று நினைத்தார்.

மதியம் மார்லிஸ் சற்றுக் கால் நீட்டலாம் என்று படுத்தார். வீட்டின் இன்னொரு மூலையிலிருந்த ஆர்வோவுக்கு அந்தக் குரல் கேட்டது.

"ஆர்வோ. இங்க வா. மெத்தைக்குள்ள யாரு?"

ஆர்வோ வாசல்படியில் வந்து நின்றார். மார்லிஸ் போர்வையைத் தூக்கினார். இருவரும் சேர்ந்து பார்த்தார்கள்.

"வெடிக்கல," என்றார் ஆர்வோ.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"உப்பியிருக்கு, அவ்வளவுதான். உப்பறது கணக்குல வராது."

மார்லிஸ் ஒரு டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். "இது எப்ப பொறக்கும்?" என்று கேட்டுவிட்டு, அதைத் திரும்பக் கம்பளிக்குள் வைத்து, நகர்ந்து படுத்து, அதற்கும் கொஞ்சம் இடம் விட்டார். முகம் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் நடனக் கொட்டகையில் ஆர்வோ அவர் காலை மிதித்தபோதும் அந்த முகம் இப்படித்தான் இருந்தது.

அடுத்து, சூடு தருகிற பல்புக்கு ஆர்வோ எங்கே போவார். குண்டு பல்பு விற்பதே நின்றுவிட்டது என்று கடையில் கையை விரித்தார்கள். கோழிக் கூண்டில் குஞ்சுகளுக்குப் போடுகிற சிவப்பு விளக்கை மெர்வின் கொண்டுவந்தார். மாட்டிவிட்டு இரண்டு பேரும் காபி குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தால் ஃபிரிட்ஜ் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தது, வெண்ணெய் கிண்ணத்தில் சூப்பாகியிருந்தது, பீர் தேநீர் பதத்தில் இருந்தது. ஆர்வோ ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உப்பு மட்டும் போட்டால் போதும்.

"இது சவுனா ஆயிடுச்சே," என்றார் மெர்வின். "ஒரு துண்டைக் கட்டிட்டு உள்ள போயிடு."

பிறகு அக்கம்பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டு நிலவறையில ஒண்ணு இருக்கு," என்றார். "யார்ட்டயும் சொல்லக் கூடாது."

அது மெர்வினின் வாலிபகாலத்து விளக்கு. கண்ணாடிக் கூஜாவுக்குள் சிவப்பு மெழுகு குண்டு குண்டாக ஏறி இறங்கும், அடியில் ஒரு குட்டிக் குண்டு பல்பு சூடு காட்டும். அந்த விளக்கை வைத்துத்தான் தன் மனைவியை மயக்கியதாக மெர்வின் சொன்னார். மயங்கியவர் கல்யாணமான மறுவாரமே அதை நிலவறைக்கு இறக்கிவிட்டார்.

கீழ்த்தட்டில், ஊறுகாய் ஜாடிக்கும் பீருக்கும் நடுவில் அதை வைத்து வயரைக் கதவு ஓரமாக இழுத்தார்கள். அளவான சூடு. பீர் பீராக இருந்தது, முட்டை முட்டையாக இருந்தது. கம்ப்ரஸர் அவ்வப்போது உறுமி எழுந்து வேலை பார்க்க, மேலே ஃபிரீஸரில் மான்கறி செங்கல் மாதிரி இறுகியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த ஃபிரீஸர் அவ்வளவு நன்றாக வேலை செய்ததில்லை. மெழுகுக்கு மட்டும் அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. பாதி உருகி, தலையைத் தூக்கிப் பார்த்து, வேண்டாம் என்று திரும்பப் படுத்துக்கொள்ளும்.

அன்றிலிருந்து மெர்வின் தினமும் வந்தார்.

"பீருக்கா வந்த?" என்று ஆர்வோ கேட்பார்.

"சேச்சே. விளக்கைப் பாக்க வந்தேன்," என்று கதவைத் திறப்பார் மெர்வின். விளக்கைப் பார்க்கிற கையோடு ஒன்று எடுப்பார். சாய்ந்து நின்று, மெழுகு தலை தூக்குகிறதா என்று இருவரும் பார்ப்பார்கள். ஒருநாள் மெர்வின் தன் இதயத்தைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னார். அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஆர்வோ "ம்" என்று சொல்லவில்லை. "பயமா இருக்கா?" என்று கேட்டார். மெர்வின், "கொஞ்சம்," என்றார். மெழுகு ஒரு குமிழ் விட்டது. இரண்டு பேரும் அதற்குக் கைதட்டினார்கள்.

சமையலறை ஜன்னலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மார்லிஸ் அதைப் பார்த்தார். கைதட்டல் எதற்கென்று தெரியவில்லை. ஆர்வோவின் வாய் அசைந்துகொண்டே இருந்ததுதான் தெரிந்தது. எவ்வளவோ நேரம் அசைந்தது. தண்ணீர் ஆறிப்போகும் வரை அவர் அங்கேயே நின்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. அதுவரை ஒன்றும் வெடிக்கவில்லை, ஒன்றும் அழுகவில்லை. காலையிலிருந்தே ஆர்வோ சவுனா அடுப்புக்கு விறகு பிளந்தபடி சீட்டியடித்தார். பொழுது சாய்கிற நேரம் ஆர்வோவும் மெர்வினும் உள்ளே போய் மேல்தட்டில் உட்கார்ந்தார்கள். பெண்கள் முறை முன்பே முடிந்திருந்தது, மார்லிஸ் தலை ஈரம் காயாமல் சமையலறையில் பன்றித்தொடையை வெட்டிக்கொண்டிருந்தார். ஆர்வோ கல்லில் தண்ணீரை வீசினார். ஆவி சீறியது.

"இன்னும் ஒரு கரண்டி. அப்புறம் வெளிய போறோம், கதவைத் தொறக்கறோம், நான் ஜெயிச்சேன்," என்றார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி வெடித்ததுபோல் ஒரு சத்தம்.

இரண்டு பேரும் துண்டைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள், இரண்டு அவித்த கிழங்கு ஓடுவதுபோல் புகை விட்டுக்கொண்டு. ஃபிரீஸர் கதவு, பட்டைக்கு மேலே இருந்ததால், தானே திறந்துகொண்டு ஆடியது. உள்ளே மான்கறிப் பொட்டலங்கள் மேலெல்லாம் பச்சைக் கண்ணாடித் துண்டும் நுரைத்த பனியும். தங்கத் தாள் சுற்றிய ஒரு கழுத்து மட்டும் முழுசாகக் கிடந்தது. பொங்குகிற ஒயின் பாட்டில், விசேஷத்துக்கு உடைக்கிறது. ஆர்வோ அதை வாங்கவில்லை. அதைக் குடித்தால் அவருக்கு ஏப்பம் வரும்.

மார்லிஸ் கையில் கத்தியோடு, பூட்ஸை மாட்டியும் மாட்டாமலும் ஓடி வந்தார். பார்த்தார். கத்தியைக் கீழே இறக்கினார்.

"அது என்னோடது," என்றார். "காலையில வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

"எதுக்கு வச்ச?"

"சும்மா."

"சும்மா யாராச்சும் இதை வாங்குவாங்களா?"

"நீ ஜெயிச்சிடுவ போலிருந்தது," என்றார் மார்லிஸ் பனியைப் பார்த்து. "அதுக்குத்தான். பெரிசு பண்ணாத."

ஆர்வோவுக்குத் துண்டு உறையத் தொடங்கியிருந்தது. அவர் மெல்லத் தலையை ஆட்டினார். பஸ் ஓட்டிய காலத்தில் ஆளில்லாத காட்டு ரோட்டில்கூடச் சிவப்பு விளக்குக்கு நின்ற ஆள்.

"வெடிச்சா வெடிச்சதுதான்," என்றார். "நான் தோத்துட்டேன். பொட்டி போகணும்."

"அது உன் பொருள் இல்ல ஆர்வோ. நான் வச்சது. கணக்குல வராது."

"உன் பொருளா என் பொருளான்னு நீ சொல்லல. ஒண்ணு வெடிச்சாலும்னுதான் சொன்ன. மெர்வின் சாட்சி."

"நான் ரொட்டியைப் பத்தித்தான் சாட்சி," என்றார் மெர்வின், ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றபடி.

"நான் சொல்றேன், ஃபிரிட்ஜ் நிக்கட்டும்."

"நான் சொல்றேன், போகட்டும். வாக்குன்னா வாக்கு."

"அம்பது வருஷமா ஒரு தடவைகூட நான் சொன்னது சரின்னு ஒத்துக்கல, இன்னிக்குத்தான் ஒத்துக்கணுமா உனக்கு?"

"மத்த தடவையெல்லாம் நீ சொன்னது சரியில்ல."

ஆர்வோ சவுனாவுக்குப் பின்னால் போய், விறகு இழுக்கிற சறுக்குவண்டியைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் முன்னால் போட்டார். பட்டையின் கொக்கியை விடுவித்தார். மெர்வின், "என் விளக்கு, என் விளக்கு," என்றார். ஆர்வோ ஃபிரிட்ஜைக் கட்டிப்பிடித்து ஒரு பக்கமாகச் சாய்க்கப் பார்த்தார். துண்டு நழுவியது.

"முதல்ல போய்க் கால்சட்டையைப் போடு," என்றார் மார்லிஸ். "கெடங்குல இருக்கறவங்களுக்கும் கிறிஸ்துமஸ் இருக்கு."

அது நியாயமாகப் பட்டது. ஆர்வோ துண்டைப் பொறுக்கிக்கொண்டு உடை மாற்றப் போனார். திரும்பி வந்தபோது கீழ்க்கதவு விரியத் திறந்திருந்தது. மெர்வின் வேட்டி மாதிரி கட்டிய துண்டோடு நடுங்கியபடி தட்டுகளை ஏந்தி நிற்க, மார்லிஸ் ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். கிழங்குப் பணியாரம், பீட்ரூட் கலவை, வினிகரில் ஊறிய மீன், பாதித் தொடை, அரிசிப் பாயசம். பீரையெல்லாம் ஓரமாகத் தள்ளியிருந்தார்.

"என்ன பண்ற?"

"நாளைக்கு என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் வர்றாங்க. உள்ள ஃபிரிட்ஜுல இடமில்ல. இதெல்லாம் சாப்பிட்டு முடியட்டும், அப்புறம் தூக்கிட்டுப் போ."

"இது முடியறதுக்குள்ள..."

"முடியறதுக்குள்ள அடுத்தது செய்வேன்."

ஆர்வோ சறுக்குவண்டியைப் பார்த்தார். மார்லிஸைப் பார்த்தார். மார்லிஸ் ஃபிரிட்ஜில் தோளைச் சாய்த்து நின்றார், நின்ற விதத்தில் அவசரமில்லை. ஆர்வோ பக்கத்தில் போய்த் தன் தோளையும் சாய்த்தார். மெழுகு பாயசக் கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது.

"எந்தக் கடையில வாங்கின அந்த ஒயினை?" என்று ஆர்வோ ஆரம்பித்தார். "அதைக் குடிச்சா எனக்கு ஏப்பம் வரும்னு தெரியும்ல? நம்ம கல்யாணத்துல உங்க மாமா சொல்லச் சொல்லக் கேக்காம ஊத்தினாரே, அப்பவே..."

"அப்ப யார் ஜெயிச்சது?" என்று கேட்டார் மெர்வின். பல் தந்தியடித்தது. மார்லிஸ் திரும்பினார்.

"மெர்வின், கதவைச் சாத்து. குளிர் உள்ள போயிடும்."